மருமகளுக்குக் கத்தி ஆகாது

கேள்வி கேட்பதில் அந்த வீட்டாரை மிஞ்ச ஆள் கிடையாது. தண்ணீர் மீட்டர் பார்க்க வருகிறவரிடம் அவருடைய மச்சினன் இப்போதாவது ஒழுங்காக வேலைக்குப் போகிறானா என்று கேட்பார்கள். தபால்காரருக்கு முட்டிவலி எந்தக் காலில் என்று கேட்டு, அவர் இடது என்றால், போன தடவை வலது என்றீர்களே என்று குறுக்கு விசாரணையும் நடக்கும். தோல் பதனிடுகிற குடும்பம். கீழே பட்டறை, மாடியில் குடித்தனம். தோல் புரட்டும் டிரம் சுற்றுகிற சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்தே பழகியவர்கள். அவர்கள் காதோடு காதாக ரகசியம் சொன்னால் எதிர்வீட்டுக்காரர் பதில் சொல்லுவார்.

அப்படிப்பட்ட வீட்டில், தையல்காரியிடம் மட்டும் ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. அவள் அங்கே மருமகளாக வந்து அரை வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கு அது இரண்டாவது கல்யாணம். முதல் வீட்டில் என்ன நடந்தது, ஏன் வந்துவிட்டாள், தப்பு யார் பேரில் என்று ஊரில் போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்டாயிற்று. இந்த வீட்டில் ஒருத்தர் வாயிலிருந்தும் அது வரவில்லை.

அவள் பதிலோடுதான் வந்திருந்தாள். மாமியார் நேராகக் கேட்டால் சொல்ல ஒன்று, சாடையாகக் கேட்கிறவர்களுக்கு ஒன்று, ரொம்பவும் துருவினால் வாயடைக்க ஒன்று என்று விதவிதமாகத் தைத்து மடித்து வைத்திருந்தாள். ஒன்றுக்கும் வேலை வரவில்லை. மாமியாரோ, கதை கேட்பதற்கென்றே பிறந்தவர். யார் எதைச் சொல்லி நிறுத்தினாலும் "அப்புறம்?" என்பார். தக்காளி விலையைச் சொன்னால்கூட "அப்புறம்?" தான். அந்த "அப்புறம்?" தன் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை என்பது தையல்காரிக்கு உறுத்த ஆரம்பித்தது. சொந்தமென்று நினைத்தால் கேட்கமாட்டார்களா? எத்தனை நாள் இருக்கப் போகிறாள், இவள் கதை நமக்கெதற்கு என்றுதான் விட்டுவிட்டார்கள் என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்தாள்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது. அவளும் இனி கல்யாணம் என்ற பேச்சே வேண்டாம் என்று அண்ணன் வீட்டு முன்னறையில் தையல் மிஷினைப் போட்டு உட்கார்ந்தவள்தான். இந்த வீட்டுப் பிள்ளை அங்கே வாடிக்கைக்காரனாக வந்தான். பேண்ட் பாக்கெட்டில் ஓட்டை என்றான். தைத்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் அதே பாக்கெட், அதே ஓட்டை. மூன்றாவது தடவை அவள் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது தேஞ்ச ஓட்டை இல்ல, பிளேடு போட்ட ஓட்டை" என்றாள். அவன் காது இரண்டும் சிவந்துபோயின. "கண்டுபுடிக்க இவ்வளவு நாளா?" என்றான்.

நல்லவன். அதில் சந்தேகமில்லை. ஆனால் அவனும் கேட்கவில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை அவள் முதுகில் அவன் கை நின்றது. தோள்பட்டைக்குக் கீழே கோடு கோடாக இருக்கும் இடம் அது. நின்ற கை மெல்ல நகர்ந்துவிட்டது. அருவருப்பாக இருந்திருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவனிடம் கேட்டிருக்கலாம். கேட்காதவர்கள் வீட்டில் வாழ்ந்து அவளுக்கும் அந்த வியாதி தொற்றிவிட்டது போலிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அவள் வந்த புதிதில், மாடிப்படிச் சுவரில் வரிசையாக ஆணியடித்து, பெல்ட்டுக்கு வெட்டிய நீளமான தோல் வார்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றடித்தால் ஒன்றோடொன்று உரசும். அவள் எதிர்ச்சுவரை ஒட்டியே ஏறுவாள், ஒட்டியே இறங்குவாள். பட்டறைப் பக்கம் போனாலும் தோல் எதையும் தொடமாட்டாள். இரண்டாம் வாரமே வார்கள் பின்கொட்டகைக்குப் போய்விட்டன, ஆணிகள் மட்டும் மிச்சம். புது ஆள் புழங்குகிற வழியில் சரக்கை எதற்கு வைப்பது என்று எடுத்துவிட்டார்கள் என்று அதற்கும் ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அவளைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை, அவளை அரளவைத்தவர்களை வேண்டுமானால் சொல்லலாம்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த முற்பகல் வந்தது.

மாமியார் கீழே போயிருந்தார். தையல்காரி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த ஜன்னலுக்கு நேர் கீழேதான் பட்டறையின் எண்ணெய் மேசை. பதமான தோலுக்குக் கடைசியாக எண்ணெய் தேய்க்கிற இடம் அது, மாமியாரின் ராஜ்யம். அன்றைக்கு டிரம் ஓடவில்லை. அதனால் பேச்சு ஒரு எழுத்துக்கூட சிந்தாமல் மேலே வந்தது.

"மருமக எப்படி இருக்கு?" என்றது மாமனாரின் குரல்.

தையல்காரியின் கை தட்டோடு நின்றது.

"என்னத்தண்ணே சொல்ல" என்றார் கத்திக்காரர். தோலைச் சுரண்டி மட்டம் பார்க்கிறவர், அந்தப் பட்டறையிலேயே பாதி ஆயுளைப் போக்கியவர். "மேல பாக்க மினுமினுன்னுதான் இருக்கு. உள்ள என்ன இருக்குன்னு எவன் கண்டான்? ஏற்கெனவே ஒரு எடத்துல பாதி ஊறி வந்தது. அங்க என்ன பாடு படுத்தினாங்களோ. முதுகைப் பாத்தீங்களா? கோடு கோடா இருக்கு."

"எடுக்கும்போதே பாத்து எடுங்கன்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேன்" என்றார் மாமியார். "யாரு கேட்டீங்க?"

பெண் எடுக்கிற பேச்சென்றுதானே யாருக்கும் தோன்றும்? மாமனார் பெருமூச்சு விட்டது மாடிவரை கேட்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் கொடுமை. அவளுடைய கணவனின் குரல், வழக்கமான அதே சாதாரணக் குரல்: "எதுக்குப்பா வம்பு? வந்த எடத்துக்கே திருப்பி அனுப்பிடலாம். இப்பவே அனுப்பினா ஒண்ணும் சொல்லாம ஏத்துக்குவாங்க."

தையல்காரி ஜன்னலைச் சாத்திவிட்டாள். சாத்தாமல் இன்னும் இரண்டு மூச்சு விடும் நேரம் நின்றிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. ஆனால் அந்த இடத்தில் நின்று கேட்கிற நெஞ்சு எத்தனை பேருக்கு உண்டு?

அவளுக்கு முதலில் அழுகை வரவில்லை. ஒரு சின்ன வார்த்தைதான் மண்டைக்குள் குடைந்தது. எப்படி இருக்கா என்றுகூடக் கேட்கவில்லை. எப்படி இருக்கு என்றார்கள். ஊறி வந்தவள் இல்லை, ஊறி வந்தது. அரை வருஷம் ஒரே பாத்திரத்தில் சாப்பாடு போட்டவர்களுக்கு அவள் இன்னும் ஒரு 'அது'. அதற்கும் மேலே, முதுகு. அந்தக் கோடுகளைப் பார்த்தவன் இந்த உலகத்தில் ஒருவன்தான். அவன் அதைப் பட்டறையில் நாலு பேர் நடுவில் போட்டுப் பரப்பியிருக்கிறான். அப்போதுதான் அழுகை வந்தது.

அழுது முடித்து முகம் கழுவினாள். துணிமணி ஒரு பைக்குள் அடங்கிவிட்டது. கோபித்துக்கொண்டு போகிறவர்களுக்குப் பை போதும். ஆனால் அவளுக்குத் தையல் மிஷின் இருந்தது. முதல் வீட்டிலிருந்து வரும்போதும் அதை விட்டுவிட்டு வரவில்லை, இங்கேயும் விடுவதாக இல்லை. மிஷின் தலையைக் கழற்றினாள், துணியில் சுற்றினாள். இரும்புக்காலை என்ன செய்வது? படியில் இறக்கப் பார்த்து, இரண்டு படியோடு மூச்சு வாங்கிவிட்டது. தெருமுனை வரைக்கும் தள்ளுவண்டி இல்லாமல் ஆகாது. தள்ளுவண்டி பட்டறையில் இருந்தது. யாரிடம் சொல்லாமல் போக நினைத்தாளோ அவர்களிடமே வண்டி கேட்க வேண்டிய நிலைமை. இந்த அவமானம் வேறு என்று பல்லைக் கடித்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டி, கீழே இறங்கினாள்.

எண்ணெய் மேசையைச் சுற்றி நாலு பேரும் இருந்தார்கள். மாமியாரின் கைகள் முழங்கைவரை பளபளவென்று எண்ணெயாக இருந்தன. கணவன் சாயத் தொட்டியிலிருந்து வந்தவன். அவன் கைகள் நீலம். கத்திக்காரர் கத்தியைச் சாணையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா" என்றார் மாமனார், பையைப் பார்த்துக்கொண்டே.

"தள்ளுவண்டி வேணும் மாமா" என்றாள்.

"எதுக்கும்மா?"

"நீங்க எதுக்கு என்னைத் திருப்பி அனுப்பற சிரமம் படணும்? நானே போறேன். மிஷினை மட்டும் கொண்டுபோய்ட்டு வண்டியை யார்கிட்டயாவது குடுத்து அனுப்பறேன்."

ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவர்கள் விழித்த விழி அவளுக்கு நடிப்பாகத் தெரிந்தது. அதுவரை கட்டுப்படுத்தி வைத்திருந்த குரல் உடைத்துக்கொண்டு வந்தது.

"எல்லாம் கேட்டுச்சு. ஜன்னல் தொறந்துதான் இருந்துச்சு. ஆமா, ஒரு எடத்துல இருந்துட்டு வந்தவதான். மறைச்சா வந்தேன்? தெரிஞ்சுதானே எடுத்தீங்க? என் முதுகுல கோடு இருந்தா அது என்னோட. அடிச்சவன் ஊர்ல நிம்மதியா இருக்கான். பட்டவளைப் பத்தி நீங்க இங்க நின்னு நல்லா இருக்கா கெட்டுப்போச்சான்னு பாக்கறீங்க." பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க அதைச் சொல்லியிருக்க வேண்டாம். வேற எதைச் சொல்லியிருந்தாலும் நான் தாங்கியிருப்பேன்."

முதலில் புரிந்தது மாமியாருக்கு. எண்ணெய்க் கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். அடுத்து கத்திக்காரருக்குப் புரிந்தது. அவரால் அடக்க முடியவில்லை, குபீரென்று சிரித்துவிட்டார். மாமியார் கையில் இருந்த எண்ணெய்த் துணியை அவர் முகத்தைப் பார்த்து வீசினார். குறி தப்பவில்லை.

"ஐயோ, பாவி மனுஷா! சிரிக்கற நேரமா இது?"

மாமனார் மேசை மேலிருந்த தோலை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். பெரிய தோல், வெளிறின பழுப்பு நிறம், நடுமுதுகில் மெல்லிய கோடுகள். "அம்மா" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "இதும்மா. இதைத்தான் சொன்னோம். இதுக்குப் பேருதாம்மா மருமக."

தையல்காரி தோலைப் பார்த்தாள். மாமனாரைப் பார்த்தாள்.

"நம்ம குழியிலயே ஊறிப் பதமான தோல் மக" என்று அவர் விளக்கினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி யாரும் பார்த்ததில்லை. "வேற பட்டறைக் குழியில பாதி ஊறி, மிச்சத்துக்கு நம்மகிட்ட வந்தா அது மருமக. நீ வந்ததுலேருந்து வெளித்தோல் எடுக்கலம்மா. இப்ப ஆர்டர் பெருசு, நம்ம குழி பத்தல. நேத்துதான் வந்து எறங்குச்சு. உனக்கு இந்தப் பேச்சு தெரியாதுங்கறதே எங்க புத்தியில ஒறைக்கல. எங்கப்பா காலத்துலேருந்து சொல்லிச் சொல்லி, நீ மருமக, தோலும் மருமகன்னு..." கையிலிருந்த தோலை மேசை மேல் இறக்கினார்.

"நான் அனுப்பிடலாம்னு சொன்னது இதைத்தான்" என்றான் கணவன். "முதுகு இவ்வளவு மெலிஞ்சிருந்தா சாயம் ஒட்டாதுன்னு பயந்தேன். உன்னையா சொல்லுவேன்? மூணு தடவை பேண்ட்டைக் கிழிச்சுல்ல உன்னைக் கூட்டிட்டு வந்தேன்?"

"அதுக்கு அவங்கம்மாகிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டாரே, அது உங்களுக்குக் கேக்கலையா டெய்லரம்மா?" என்றார் கத்திக்காரர், முகத்து எண்ணெயை வழித்துக்கொண்டே. "வந்ததைத் திருப்பி அனுப்பற பழக்கம் இந்தப் பட்டறைக்குக் கிடையாதுடான்னு போட்ட சத்தத்துல எனக்கே காது அடைச்சுப்போச்சு."

"ஜன்னலைச் சாத்திட்டேன்" என்றாள் தையல்காரி சின்னக் குரலில்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது, மூக்கும் ஒழுகியது. கணவன் அவள் தோளைப் பிடித்தான். அவள் சட்டைக் கையில் ஐந்து நீல விரல்கள் அப்படியே பதிந்தன. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்போதுதான், ஒவ்வொருவராக, அவள் சற்று முன் என்ன சொன்னாள் என்பது அவர்களுக்கு உறைத்தது. தோலின் முதுகைப் பற்றி அவர்கள் பேசியிருந்தார்கள். தன் முதுகைப் பற்றி அவள் சொல்லிவிட்டாள். அடிச்சவன் என்று சொன்னாள். பட்டவள் என்று சொன்னாள். கொட்டியதை அள்ள முடியாது.

இனிக் கேட்பார்கள் என்று தையல்காரி நின்றாள். பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டாள். மடித்து வைத்திருந்த பதில்களில் ஒன்றுகூட அப்போது கைக்கு அகப்படவில்லை.

கத்திக்காரர் கத்தியை எடுத்துத் துணியில் சுற்றி மேசைக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே போனார். மாமனார், மோட்டாரைப் பார்க்கவேண்டும் என்றார். மோட்டாருக்கு ஒன்றும் இல்லை. கணவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கண் கலங்கியிருந்தது. மாமியார் அவனைப் பார்த்து, "மிஷின் கால் படியில நிக்குது பாரு, யாராவது தடுக்கி விழறதுக்குள்ள மேல கொண்டுபோய் வை" என்றார். "முதல்ல கையைக் கழுவு. அதையும் நீலமாக்காத." அவன் போனான். கடைசியில் எண்ணெய் மேசைக்கு இந்தப் பக்கம் மாமியாரும் அந்தப் பக்கம் மருமகளும் மட்டும் மிச்சம்.

மாமியார் தோலை விரித்துப்போட்டு, உள்ளங்கையில் எண்ணெய் எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். கேட்கவில்லை.

"அதுக்கு ஏன் அத்தை மருமகன்னு பேரு?" என்று தையல்காரிதான் கேட்டாள். சிரித்தாலும் அந்த வார்த்தை இன்னும் உள்ளே முள்ளாக இருந்தது. ஒருத்தர் கைபட்டு வந்தது என்பதற்காகத்தானே அந்தப் பேர்?

"அதுவா? ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. பட்டறையில எது கெட்டாலும் வெளித்தோல் மேல பழியைப் போடலாம், அதனால மருமகங்கறது நம்ம கத்திக்காரர் கண்டுபுடிப்பு. உன் வீட்டுக்காரன் பள்ளிக்கூடத்துல படிச்சிட்டு வந்து, மருவுறதுன்னா தழுவுறது, தழுவி ஏத்துக்கிட்ட மக, அதான் மருமகன்னு சொன்னான். தழுவுறதாம்!" மாமியார் மூக்கால் சிரித்தார். "அந்தப் பேரை வச்சது யாருன்னு எனக்குத் தெரியும். என் மாமியார். இந்த மேசை அப்ப அவங்களோடது. வச்ச அன்னைக்கு நான் அதோ, அந்த மூலையில கூட்டிட்டு இருந்தேன்."

அவர் கை நிற்கவில்லை. பேச்சும் நிற்கவில்லை.

"வெளியூர்த் தோல் ஒண்ணு வந்திருந்துச்சு. அப்ப இருந்த கத்திக்காரர், உள்ள எப்படி இருக்குன்னு பாக்கறேன்னு ஒரு இழுப்பு இழுத்தார். முதுகு டர்ருனு போயிடுச்சு. அங்கயே சுரண்டி மெலிஞ்ச எடம், இவருக்கு எப்படித் தெரியும்? நம்ம குழித்தோல்னா எது தடிப்பு, எது மெலிசு, எத்தனை நாள் ஊறுச்சுன்னு எல்லாம் தெரியும், தைரியமா கத்தி வைக்கலாம். வெளித்தோல் அப்படியா? என் மாமியார் எந்திரிச்சு வந்து, கத்தியைப் புடுங்கிச் சாக்கடையில வீசிட்டாங்க. 'வீட்டுக்கு வந்த மருமகளை வாசல்லயே நிக்கவச்சு நோண்டுவியாடா? கத்தி வைக்காத. எண்ணெயைப் போட்டுக் கையால தேய். சூடு ஏறினா, அது பட்டதை அதுவே சொல்லும்'னாங்க. அன்னையிலேருந்து பேரு நின்னுபோச்சு. மகளுக்குக் கத்தி ஆகும், மருமகளுக்குக் கத்தி ஆகாது. இதான் பட்டறைச் சட்டம்."

தையல்காரி அந்த மூலையைப் பார்த்தாள். "ரொம்ப நல்லவங்களா இருந்திருப்பாங்க" என்றாள்.

"யாரு, என் மாமியாரா?" மாமியார் தேய்ப்பதை விட்டுவிட்டு இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். "நீ வேற! என்னை நோண்டாத நாள் கிடையாது. உங்கம்மா இதான் சொல்லிக்குடுத்தாளா, உங்க வீட்ல இப்படித்தான் தண்ணி மோப்பீங்களான்னு காலையில ஆரம்பிச்சா விளக்கு வைக்கற வரைக்கும் நிக்காது. மாமியார் உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்னு சும்மாவா சொன்னாங்க? தோலுக்கு வந்த இரக்கம் எனக்கு வரல அவங்களுக்கு. தொடப்பத்தைப் புடிச்சுக்கிட்டு அந்த மூலையில நின்னு அன்னைக்கு நான் அழுத அழுகை யாருக்கும் தெரியாது. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். என் வீட்டுக்கு ஒருத்தி வந்தா, ஒரு மாட்டுத்தோலுக்குக் குடுக்கற மரியாதையாவது அவளுக்குக் குடுத்துடணும்னு."

அவர் மறுபடி குனிந்து எண்ணெய் எடுத்தார். "வீட்ல எல்லாருக்கும் சொல்லிவச்சேன். அவளா சொன்னாலொழிய ஒருத்தரும் வாயைத் தொறக்கப்படாதுன்னு. உன் மாமனார் சரி, பேசவே மாட்டார். எனக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அரை வருஷமா நாக்கு அரிக்குது. அந்தத் தபால்காரரைப் போட்டு அந்தப் பாடு படுத்தறது எதுக்குன்னு நினைச்ச?"

இந்தத் தடவை தையல்காரி வாய்விட்டுச் சிரித்தாள். அப்பாவித் தபால்காரர், அவருடைய முட்டி, மீட்டர்காரரின் மச்சினன் எல்லோரும் தனக்காகப் பட்ட பாட்டை நினைத்துச் சிரித்தாள். சிரித்து முடித்தபோது நெஞ்சில் ஏதோ ஒன்று கட்டவிழ்ந்தது போலிருந்தது. கேட்காமல் இருந்தார்கள். கேட்காமல் இருந்தார்கள் என்று இத்தனை நாள் இவர்கள் மேல் கோபப்பட்டிருக்கிறாள்.

"அத்தை, படியில வார் தொங்கிட்டு இருந்துச்சே. அதை ஏன் எடுத்தீங்க?"

"வழியை அடைச்சுது."

"அகலமான படி அத்தை அது."

மாமியார் தோலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ செவுத்தை ஒட்டிப் போனே" என்றார்.

தையல்காரி தோளிலிருந்து பையை இறக்கி, கீழே வைத்தாள். நீல விரல் பதிந்த சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். பிறகு மேசைக்கு அருகே வந்து, இத்தனை நாள் தொடாத தோலின் மேல் உள்ளங்கையை வைத்தாள். ஜில்லென்று இருந்தது. மாமியார் தேய்க்கிறபடி பார்த்து, வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் கைக்கடியில் சூடு ஏறியது. வெளிறின தோல் மெல்ல நிறம் திரும்பி, முதுகில் இருந்த கோடுகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து மேலே வந்தன. கிழியவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

"அந்த வீட்ல, கதவுக்குப் பின்னாடி ஒரு வார் தொங்கும் அத்தை" என்று சொல்லி நிறுத்தினாள்.

மாமியார் 'அப்புறம்?' என்று கேட்கவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார்.